அண்ணனுக்கும் எனக்கும் இல்லாத புரதம்

குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து எனக்கு நினைவு வந்தபோது நான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தேன். காது மட்டும் நன்றாகக் கேட்டது. தட்டில் கத்தரிக்கோல் விழுந்தது. ரப்பர் செருப்பு தரையில் தேய்ந்தது. யாரோ ஓர் ஆண், “தையல் போட்டாச்சு, இன்னும் ஏன் அசையல?” என்று கேட்டார். என்னைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்து, அசையப் பார்த்தேன். விரல் வரவில்லை. இமையைத் திறக்கப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. மூச்சை இழுக்க வேண்டும் என்று நினைத்தேன். நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் அந்த நெஞ்சு தானாக ஏறியது, தானாக இறங்கியது. யாரோ என் உடம்புக்குள் உட்கார்ந்து எனக்காக மூச்சு விடுவது போல இருந்தது.

“பல்ஸ் ஏறுதுங்க மேடம்” என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல்.

அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு குரல் வந்தது. உள்ளே போகும்போது என் கையைப் பிடித்து ஊசி குத்திய மயக்க மருந்து டாக்டரம்மாவின் குரல். “டீச்சரம்மா, நீங்க முழிச்சிட்டீங்கன்னு நினைக்கிறேன். பயப்படாதீங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு மருந்து உங்க உடம்பை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் அசைய முடியல. தானா போயிடும். அதுவரைக்கும் மூச்சை நான் பாத்துக்கறேன். இப்ப திரும்பத் தூங்க வைக்கறேன்.” அவர் கை என் நெற்றியில் இருந்தது. அந்த உள்ளங்கையின் சூடு இன்னும் நினைவிருக்கிறது. பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சாகவில்லை என்பது தெரிந்துவிட்டது. அப்படியே தூங்கிப்போனேன்.

நான் கடத்தூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. வகுப்பில் நின்றிருந்தபோது தொடங்கிய வயிற்றுவலி அது. என் கணவர் சித்தேரி மலைக்குப் போகும் அரசுப் பேருந்தில் நடத்துநர். வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாத வேலை. அன்றைக்கு மலையிலிருந்து இறங்கியதும் பையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, என்னைத் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். குடல்வால், சின்ன ஆபரேஷன், ஒரு மணி நேரத்து வேலை என்றார்கள். மறுநாள் மதியம் உள்ளே போனவள் பொழுது சாய்ந்தபிறகுதான் வெளியே வந்தேன். அதுவரை அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருந்திருக்கிறார். “உக்காருங்கன்னு சொன்னாங்க. உக்காந்தா கெட்ட சேதி சொல்லிருவாங்களோன்னு நின்னுட்டே இருந்தேன்” என்றார் பிறகு. நாள் முழுக்க ஓடும் பஸ்ஸில் நின்றே பழகிய மனிதர்.

மறுநாள் காலை டாக்டரம்மா என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஓசூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் அங்கங்கே கன்னடம் எட்டிப் பார்க்கும். தொண்டையில் குழாய் விடுவதற்காக உடம்பைத் தளர்த்த ஸ்கோலின் என்று ஒரு மருந்து போடுவார்களாம். எல்லோருக்கும் அது சில நிமிஷத்தில் கரைந்துபோய்விடும். கரைப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்.

“அந்தப் புரதம் உங்க ரத்தத்துல இல்லைங்க. இருக்குன்னு சொல்ற அளவுக்கு இல்லை.”

“அது இல்லாமயா இத்தனை வருஷம் உயிரோட இருந்தேன்?”

“அது இல்லாம நூறு வருஷம்கூட இருக்கலாம். இந்த ஊசி போடாத வரைக்கும்.”

இரண்டு பிரசவமும் எனக்குச் சுகப்பிரசவம். அதற்கு முன்னும் பின்னும் கத்தி பட்டதில்லை. அதனால் தெரியவே இல்லை.

புரதத்தின் பெயரைக் கேட்டேன். பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்றார். யாப்பு நடத்துகிறவளாயிற்றே, மனசுக்குள் அசை பிரித்துப் பார்த்தேன். எந்தச் சீரிலும் அடங்கவில்லை. அதை எப்படிச் செய்வது என்று உடம்புக்குச் சொல்லும் மரபணுவுக்குப் பெயர் சின்னதுதான், பி.சி.எச்.ஈ. என்று நான்கே எழுத்து. கல்லீரல் அந்த மரபணு சொன்னபடி புரதத்தைச் செய்து ரத்தத்தில் விட வேண்டும். எனக்கு அந்த மரபணுவில் எங்கோ ஓர் எழுத்து மாறியிருக்கிறது. ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதைப் ‘பல்லிக்குப் போனேன்’ என்று எழுதும் பிள்ளைகளின் தாளை ஆண்டுதோறும் திருத்துகிறவள் நான். ஓர் எழுத்து என்ன செய்யும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“உங்க அப்பா அம்மா சொந்தமா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“அப்பா கட்டினது சொந்த அக்கா மகளைங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொன்று சரியாக இருந்திருக்கும், ஒன்று பிசகியிருக்கும். அவர்களுக்கு அது போதும். எனக்குப் பிசகிய இரண்டும் சேர்ந்து வந்துவிட்டன. என் பிள்ளைகளுக்கு என்னிடமிருந்து ஒன்று கட்டாயம் போயிருக்கும். என் கணவர் எங்களுக்குச் சொந்தமில்லை என்பதால் அவரிடமிருந்து சரியான ஒன்று வந்திருக்கும், பெரிதாகப் பயமில்லை, சொல்லி மட்டும் வைக்க வேண்டும் என்றார்.

“கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?”

“அண்ணன் ஒருத்தர்.”

“அவர் ரத்தத்தைப் பாத்தே ஆகணும்.”

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கடத்தூரில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்ததும், சொந்தத்தில் கொடுத்தே தீர வேண்டும் என்று மாமன்கள் நின்றபோது, “எந்தங்கச்சி யாரைச் சொல்றாளோ அவருக்குத்தான்” என்று கதவைச் சாத்தியதும் அவர்தான். ஆனால் தன் உடம்பு என்று வந்தால் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரைப் பார்க்க முடியாது. குடலிறக்கத்தை வருஷக்கணக்காக வேட்டிக்குள் இறுக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு யூரியா மூட்டை தூக்குகிறவர்.

நான் வீட்டுக்கு வந்ததும் அண்ணியும் அவரும் பார்க்க வந்தார்கள். அண்ணி கம்பைநல்லூர்க்காரர். எதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவார், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார். நான் டாக்டரம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன்.

“அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல பாப்பா” என்றார் அண்ணன். எனக்கு இத்தனை வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான். “நான் ஊசியே போட்டுக்கறதில்ல. அப்பறம் என்னாத்துக்கு டெஸ்ட்டு?”

“அந்தக் கொடலெறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணித்தான ஆவணும்?” என்றார் அண்ணி.

“அது பண்ணும்போது பாத்துக்கலாம்.”

“பண்ணும்போது மூச்சு வரலன்னா யார பாத்துக்க சொல்றீங்க?”

அண்ணன் பேச்சை மழைக்கு மாற்றினார். அந்த ஆண்டு மழையைப் பற்றி எங்கள் ஊரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

அண்ணி விடவில்லை. சாப்பாடு போடும்போதெல்லாம் அதே பேச்சு. கடைசியில் ஒருநாள், சரக்கெடுக்கத் தர்மபுரிக்குப் போன அண்ணன், யாரிடமும் சொல்லாமல் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்திருக்கிறார். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டு வேறொரு சட்டைப் பையில் வீட்டிலேயே இருந்தது. அந்த நீளப் பெயரை எப்படியோ பாதி சொல்லி, கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டார். தொலைபேசி எண் கேட்டதற்கு அண்ணியின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவர் எண் எப்போதும் விவசாயிகளின் அழைப்பில் இருக்கும். என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார்கள். பூச்சிமருந்துக் கடை என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பரிசோதனையை ஸ்கோலினுக்காக யாரும் கேட்பதில்லை. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டவர்களுக்குத்தான் அதைப் பார்ப்பார்கள். அந்த விஷம் முதலில் போய் ஒட்டிக்கொள்வது இந்தப் புரதத்தில்தான். புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அப்படித் தகப்பனை இழந்தவர்கள். ‘மருந்து குடிச்சிட்டான்’ என்று எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

அண்ணன் ரத்தம் கொடுத்த மறுநாள் காலை வீட்டில் சண்டை. அவர் மறுபடியும் மூட்டை தூக்குவதை அண்ணி பார்த்துவிட்டார். “சொன்னா கேக்கற சென்மமா நீங்க? எக்கேடோ கெட்டுப் போங்க, இனி நான் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

நண்பகலில் அண்ணியின் போன் அடித்தது. பரிசோதனை நிலையத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை. “அக்கா, உங்க வூட்டுக்காரர் எங்கங்க இருக்காரு? அவர தனியா வுடாதீங்கக்கா. ரத்தத்துல மருந்து ஏறியிருக்குங்க. ஒடனே பெரியாஸ்பத்திரிக்கிக் கூட்டிட்டுப் போங்க.”

அண்ணி எனக்குப் போன் செய்தார். அழுகையில் எனக்குப் புரிந்தது “அண்ணன்”, “மருந்து” என்ற இரண்டு சொல் மட்டும்தான். வகுப்பைப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கு வெளியே நின்ற ஆட்டோவில் ஏறினேன். கடை அங்கிருந்து பக்கம்தான். ஆனாலும் போகும் வழி முழுக்க, அவரிடம் நான் கடைசியாக என்ன பேசினேன் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மழையைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

நான் இறங்கவும் அண்ணி வந்து சேரவும் சரியாக இருந்தது. தலைமுடி அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரிலிருந்து குதித்தார். கடையில் நிலக்கடலை விதை கேட்டு நாலைந்து விவசாயிகள் நின்றிருந்தார்கள். அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்தபடி, ஓர் எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஒரே தட்டாகத் தட்டினார். டம்ளர் பறந்து போய் உர மூட்டைமேல் விழுந்தது. இரண்டு கையாலும் அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “துப்புங்க, துப்புங்க, கோவத்துல ஒரு பேச்சு பேசிட்டேன், அதுக்குப் போயி இப்புடிப் பண்ணுவீங்களா” என்று கத்தினார். அவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

அண்ணனின் மீசையெல்லாம் வெள்ளையாக இருந்தது. “மோருடி அது” என்றார்.

“பொய் சொல்லாதீங்க!”

“மோருதான். காலைல நீ சோறு போடல, எதுத்தாப்புல கடையில வாங்கியாந்தேன்.”

விவசாயிகளில் வயதான ஒருவர் குனிந்து டம்ளரை எடுத்து முகர்ந்தார். “மோருதானுங்கம்மா. பெருங்காயம் போட்டிருக்குது” என்றார் பொறுப்பாக.

அப்போதுதான் அண்ணி உட்கார்ந்தார். தரையில், மூட்டைகளுக்கு நடுவில், அண்ணனின் சட்டையை விடாமல். அதனால் அவரும் கூடவே குனிய வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கல்யாணமாகி, வேலைக்குப் போகும் வயதில் ஒரு மகனும் இருக்கிறான். நாலு பேர் முன்னால் அவர்கள் ஒருவர் கையை ஒருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அண்ணன் முதலில் வெட்கப்பட்டார், சுற்றும் முற்றும் பார்த்தார். அப்புறம் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. “உன்ன வுட்டுட்டு நான் எங்கடி போவேன்” என்று மெதுவாகச் சொன்னார். விவசாயிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே தெருவைப் பார்த்தார்கள்.

அண்ணியிடமிருந்து போனை வாங்கி நான் அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் பேசினேன். என் ஆபரேஷனில் நடந்ததைச் சொன்னேன். எங்கள் குடும்பத்திலேயே அந்தப் புரதம் குறைவு, அதற்காகத்தான் பார்க்கச் சொன்னார்கள் என்றேன். அந்தப் பக்கம் அந்தப் பெண் நீளமாக மூச்சு விட்டாள். “எங்களுக்கு இந்த டெஸ்ட்டு வந்தாலே அதுக்குத்தான் மேடம் வரும். சார் சிரிச்சிட்டே ரத்தம் குடுத்துட்டுப் போனாரு. சிரிச்சிட்டே போறவங்களையும் நாங்க பாத்திருக்கோம், அதான் பயந்துட்டேன்” என்றாள். நன்றி சொன்னேன். அவள் பயந்தது நல்லதற்குத்தான்.

போனை வைத்தபிறகுதான் எனக்கே உறைத்தது. பதற்றம் போன இடத்தில் செய்தி மட்டும் நின்றது. அண்ணனுக்கும் இல்லை.

அடுத்த வாரம் மூவரும் தர்மபுரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தோம். மோர்க் கதையைக் கேட்டு அவர் சிரித்தார், சிரித்துவிட்டு அண்ணியின் கையைத் தட்டிக்கொடுத்தார். என்னுடைய ரத்தத்தோடு அண்ணனுடையதையும் வெளியூருக்கு அனுப்பி மரபணுவையே பார்க்கச் செய்தார். இருவருக்கும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துத்தான் மாறியிருந்தது.

“அப்பா அம்மா ரெண்டு பேரும் எனக்கு என்ன குடுத்தாங்களோ அதையே பாப்பாவுக்கும் குடுத்துருக்காங்க” என்றார் அண்ணன். குரலில் ஒரு திருப்திகூட இருந்தது.

அண்ணி வேறொன்று கேட்டார். “ஏங்க டாக்டர், பூச்சிமருந்து குடிச்சாத்தான் அந்தப் புரதத்துல ஒட்டுமா? கடையில நாள் முச்சூடும் அந்த வாசத்துலயே இருக்காரே?”

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த மாதிரி மருந்து கொஞ்சமாக உள்ளே போனால்கூட இந்தப் புரதம் முதலில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது இல்லாதவர்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை. அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பாதிக்கலாம் என்றார். “கண்ணுல தண்ணி, தலை சுத்தல், ஏதாவது வந்திருக்கா?”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன். ஒருமுறை கடையில் ஒரு மருந்து டப்பா ஒழுகியபோது அவர் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். பக்கத்திலேயே நின்ற வேலையாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்துக்கடைக்காரனுக்கே மருந்து வாசம் ஆகவில்லை என்று அன்றைக்கு ஊரே சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரித்தார். இந்தப் புரதம் இல்லாததால்தான் அப்படி ஆனதா என்று டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அண்ணிக்கு அது போதும்.

அண்ணன் இந்த முறை தட்டிக்கழிக்கவில்லை. குடலிறக்க ஆபரேஷனும் அங்கேயே நடந்தது. முன்னதாக டாக்டரம்மா வந்து, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைப்பேன், முழு மயக்கம் வேண்டாம், ஸ்கோலினுக்கு வேலையே இல்லை என்றார்.

அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. “அப்ப இவ்ளோ கூத்தும் எதுக்குங்க டாக்டரம்மா?”

“முதுகு ஊசி சில சமயம் சரியா பிடிக்காதுங்க. அவசரத்துல முழு மயக்கம் குடுக்க வேண்டி வந்தா, நான் அந்த மருந்தத்தான் கையில எடுத்திருப்பேன். இப்ப எடுக்க மாட்டேன்.”

என் கணவர் அன்றைக்கும் வெளியே நின்றுகொண்டே இருந்தார். அண்ணி உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அண்ணனின் குரல் விடாமல் கேட்டது. எந்த மண்ணுக்கு எந்த நிலக்கடலை ஒத்துவரும் என்று ஆபரேஷன் முடியும்வரை டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஓசூர்ப் பக்கத்தில் டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. தையல் போட்டவர் பாதியில் பொறுமையிழந்து, “நிலக்கடலைய நாளைக்கு வச்சிக்கலாமா?” என்றாராம்.

சாயங்காலம் வார்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கால் இன்னும் மரத்திருந்தது. தன் தொடையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டு, “உனக்கு அன்னிக்கி ஒடம்பு முழுக்க இப்புடித்தான் இருந்துச்சா பாப்பா?” என்றார்.

“அசையத்தான் முடியலண்ணா, தொட்டா தெரிஞ்சுது. ஆனா வலிக்கல.”

“நெனவு இருந்துச்சுன்னு சொன்னியே. பயந்துட்டியா?”

“பயந்தேன்.”

அவர் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். செவிலிப் பெண் வந்து ரத்த அழுத்தம் பார்க்கும்வரை அப்படியே இருந்தோம்.

கடையில் இப்போது பூச்சிமருந்து இல்லை. மருத்துவமனையிலிருந்து அண்ணன் திரும்புவதற்குள், அண்ணி ஆள் வைத்து அந்த அலமாரியைக் காலி செய்து, டப்பாக்களை எல்லாம் வாங்கின இடத்துக்கே அனுப்பிவிட்டார். அலமாரியைக் கழுவிக் காயவைத்து, கத்தரி, வெண்டை, அவரை விதைப் பாக்கெட்டுகளை அடுக்கினார். வியாபாரம் படுத்துவிடும் என்று அண்ணன் கொஞ்ச நாள் முனகினார். படுக்கவில்லை, ஓகோ என்றும் நடக்கவில்லை. மதியச் சாப்பாட்டை அண்ணியே கடைக்குக் கொண்டுவருகிறார். வந்தால் சீக்கிரம் போவதில்லை.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அட்டை வைத்திருக்கிறோம். ஸ்கோலின் போடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என்னுடையது கைப்பையில். அண்ணன் தன்னுடையதைக் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார், அதனால் அண்ணி சட்டைப் பைக்கென்று இன்னொன்று போட்டுக் கொடுத்திருக்கிறார். என் பிள்ளைகளுக்கும் அவர் மகனுக்கும் பார்த்தோம், எல்லோருக்கும் பாதிக்குப் பாதி புரதம் இருக்கிறது, அது போதுமாம்.

போன வாரம் பள்ளி விட்டு வரும் வழியில் கடைக்குப் போனேன். புதிதாக வந்த விவசாயி ஒருவர் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டையைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். அண்ணன் அந்த நீளப் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். இப்போது என்னைவிட அவருக்குத்தான் அது நன்றாக வருகிறது. “எனக்கும் இல்ல, இதோ வராங்களே எந்தங்கச்சி, அவங்களுக்கும் இல்ல” என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த விவசாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பரிதாபமாகப் பார்த்தார். “இதுக்கு வைத்தியம் ஏதும் இல்லீங்களா?”

“என்னாத்துக்குங்க வைத்தியம்? நல்லாத்தான இருக்கறோம்” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு, விவசாயிக்கு வேண்டிய அவரை விதையை எடுக்கத் திரும்பினார். மேல்தட்டில் இருந்தது. அண்ணி அண்ணனை எட்ட விடாமல், தானே ஸ்டூலைப் போட்டு ஏறினார்.